முக்கால் மணி நேர டீ

ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் முட்டைகள் கண்ணாடிச் சில்லில் அரை மணி நேரம்தான் தெரியும்; பிறகு கரைந்துவிடும். ஆய்வகத்தில் பச்சையம்மாவின் மலத்தைச் சில்லில் தடவி வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் டீக்கடையில் நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்து, "புழு இல்லை" என்று கம்பீரமாகக் கையெழுத்தும் போட்டேன்.

செங்கல் சூளையில் கல் சுமக்கும் அவளோ, ரத்தமில்லாமல் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டே வந்தாள்.

மறுபடி சோதிக்காமல் விடக்கூடாதென்று, மல மாதிரிக்கான காலி டப்பாவோடு அவள் வாசலில் போய் நின்றேன். முதல் நாள் "பார்க்கலாம்" என்றாள். மறுநாள் கதவையே திறக்கவில்லை. மூன்றாம் நாள் டீ விஷயத்தை ஒப்புக்கொண்டு, "நாளைக்காவது குடுப்பியாம்மா?" என்றேன்.

மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஆறு மணிக்கு வாங்கண்ணா, தரேன். டீயை மட்டும் முன்னாடியே குடிச்சிட்டு வந்துடுங்க."