கெட்டிமேளத்துக்குள் ஒரு சொல்

கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. மகளின் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து, தாலி ஏறும் நேரத்தில் 'நிறுத்துங்கடா' என்று கத்திவிடுவேனோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. விழுங்க விழுங்க அந்தச் சொல் தொண்டைக்குள் கொழுத்தது. முகூர்த்தத்தன்று சிறகு முளைத்து, வெதுவெதுப்பாக நாக்கில் வந்து உட்கார்ந்தது. தவில்காரர் சிங்காரவேலுவிடம் விஷயத்தைச் சீட்டில் எழுதிக் காட்டினேன்.

"கெட்டிமேளத்துல இடி விழுந்தாலே கேக்காதுங்க" என்றார்.

"அதையும் மீறிக் கேட்டுட்டா?" என்று சீட்டின் மறுபக்கத்தில் எழுதினேன்.

"கேக்கலாம், கேக்காமயும் போகலாம். அத விழுங்கிக்கிட்டே இருக்காதீங்க. அது பாட்டுக்கு வாயில உக்காந்திருக்கட்டும், நீங்க அட்சதையப் போடுங்க."

மேளம் முழங்கியது. அட்சதை தூவினேன். சொல் மெல்லப் பறந்து, தவிலை ஒரு சுற்றுச் சுற்றி, பந்தல் துணியில் தொங்கித் தூங்கிப்போனது. தாலி ஏறியது.

எனக்குப் பிறவியிலிருந்தே பேச்சு கிடையாது.