கடைசி நாற்காலி

பாட்டை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

அதே பாட்டு இரண்டாவது முறையாக ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைச் சுற்றி இரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் என் அம்மா செல்வாம்பாள். இன்னொருத்தி என் மனைவி கார்குழலி.

எங்கள் வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் இரண்டு பேர் இறுதிச் சுற்றில் இருந்தார்கள். மூன்றாவது ஆளின் விரல் செல்போன் மேல் இருந்தது.

மூலக்குளம் பக்கம் எங்கள் நகரில், காணும் பொங்கலுக்கு நலச் சங்கத்தார் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். பெண்களுக்கு மியூசிக்கல் சேர். பாட்டுப் போடுகிற ஆள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. போன வருடம் பாட்டுப் போட்டவர் தன் கொழுந்தியாளுக்காக நிறுத்திவிட்டார் என்று கிளம்பிய சண்டையில், இன்றைக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் இந்த வருடம் யாரிடமும் வம்பு தும்பு இல்லாத ஆளாகப் பார்த்து என்னைப் போட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் அம்மாவும் இருந்தார், கார்குழலியும் இருந்தாள். முதல் இரண்டு மூன்று சுற்றுக்குள்ளேயே இரண்டு பேரும் வெளியே வந்துவிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அதுதான் தப்பு.

அம்மாவுக்கு மூட்டு வலி. தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால்கூட முடியாது என்பார். அவர்தான் ஐந்தாவது சுற்றில் எதிர்வீட்டு வசந்தாவை இடுப்பாலேயே ஒரு தள்ளு தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கார்குழலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தினமும் காலை பஸ்ஸில் இடம் பிடித்து டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறவள்.

அம்மாவுக்காக நிறுத்தினால் கார்குழலி ஒரு மாதம் பேச மாட்டாள். கார்குழலிக்காக நிறுத்தினால் அம்மா ஒரு மாதம் பேசிக்கொண்டே இருப்பார். இதில் எது மோசம் என்று எட்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

ரசத்துக்கு உப்பு போதும் என்பதில்கூட இந்த எட்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது கிடையாது.

முதுகைக் காட்டி நின்றாலும் எனக்கு எல்லாம் தெரிந்தது என்பதுதான் கொடுமை. முன்னால் மேஜையில் முதல் பரிசு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குவதால் எல்லோரும் சொல்தா என்று கூப்பிடும் புருஷோத்தமன் கொடுத்த எவர்சில்வர் அண்டா. அதில் அம்மாவும் கார்குழலியும் நாற்காலியும் கோணல்மாணலாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சங்கத்து விதியில் அண்டாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

அம்மா நாற்காலிக்கு நேராக வருவார். விரலைக் கொண்டு போவேன். கார்குழலியின் முகம் ஞாபகத்துக்கு வரும். விரலை எடுத்துவிடுவேன். அடுத்து கார்குழலி நேராக வருவாள். மறுபடியும் விரல் போகும், மறுபடியும் திரும்பி வரும்.

பாட்டு முடிந்தது. நான் காசு கட்டாத ஆப் என்பதால் நடுவில் ஒரு முறுக்குக் கம்பி விளம்பரம் வந்தது. அவர்கள் அதற்கும் ஓடினார்கள். கூட்டம் கைதட்டியது. மூன்றாவது முறையாக அதே பாட்டு ஆரம்பித்தது.

"யோவ், நிறுத்தித் தொலைய்யா. கயிறு இழுக்கற பசங்க ஒரு மணி நேரமா நிக்கறானுங்க," என்று சங்கச் செயலாளர் நெடுமாறன் மைக்கிலேயே கத்தினார்.

அம்மாவுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. எனக்கு என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. நாற்பது வயதில் ஒரு பாட்டை நிறுத்தத் துப்பில்லை.

அப்போதுதான் வழி தோன்றியது. ஒருவர் நாற்காலிக்கு இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் சரிசமமான தூரத்தில் வரும் நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் யார் உட்கார்ந்தாலும் அது அவரவர் சாமர்த்தியம். என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

அண்டாவையே உற்றுப் பார்த்தபடி காத்திருந்தேன். அந்த நொடி வந்தது. அழுத்தினேன்.

பாட்டு நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கவில்லை. கூட்டமும் கத்தவில்லை.

திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கார்குழலி. இருவரும் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்டால உன் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதுடா," என்றார் அம்மா. "எனக்கும் நிறுத்தல, அவளுக்கும் நிறுத்தல."

கார்குழலி தலையாட்டினாள். அம்மா சொன்ன ஒன்றுக்கு அவள் தலையாட்டி நான் அன்றுதான் பார்த்தேன்.

முதல் சுற்றிலேயே அவுட்டாகி வெயிலில் நின்றுகொண்டிருந்த அஞ்சலாட்சி அக்கா, சும்மா கிடக்கிறதே என்று வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுமாறன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவர் பெயரையே மைக்கில் சொல்லிவிட்டார். ஆட்சேபணை யாருக்கும் இல்லை.

அம்மாவும் கார்குழலியும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை அவள் தோளில் போட்டிருந்தார். நான் ஸ்பீக்கர் ஒயரை அப்படியே போட்டுவிட்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.

பக்கத்தில் போனதும் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"மாவு கொஞ்சந்தான் இருக்குது குழலி. ரெண்டு பேருக்கு தோசை ஊத்துனா போதும்ல?"

"போதும் அத்த."