ஆறாவது சாக்கு

"கோவிந்தப்பா, பேனர்ல குடும்பத்துக்கு முன்னாடி குழந்தை வரணும்னு போன மீட்டிங்லயே தீர்மானம் போட்டோமே, என்ன ஆச்சு?"

மண்டலக் குழந்தைகள், குடும்ப நல ஆலோசனைக் குழுவின் தலைவர் சீனிவாசராகவன் சுவரைப் பார்த்துக் கடுகடுத்தார். குமாஸ்தா கோவிந்தப்பா நாற்காலியில் ஏறி பேனரைக் கழற்றினார். குழந்தைகள் நலனுக்காக அன்று நடந்த முதல் வேலை அதுதான்.

கடைசி வரிசையில் ஹெலன் உட்கார்ந்திருந்தாள். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பக்கத்து வீட்டுக்காரி இறந்துபோனதும், அவளுடைய ஏழு வயது மகள் மோனிகாவை விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வளர்க்கிறேன் என்று ஹெலன் மனு போட்டாள். குழு சிபாரிசு செய்தால் பிள்ளை அவளிடம் வந்துவிடும்.

இதுவரை ஐந்து கூட்டம், ஐந்து சாக்கு. முதல் தடவை ஆள் சேரவில்லை. அடுத்து, மனு தமிழில் இருக்கிறது என்றார்கள். கன்னடத்தில் எழுதிக் கொண்டுவந்தால் போட்டோ பழசு. அப்புறம் தலைவர் வீட்டில் கிருகப்பிரவேசம். ஐந்தாவதில் ஒரு துணைக் குழு அமைத்தார்கள். அதிலும் குழுவில் இருக்கும் இதே மூன்று பேர்தான். தங்களிடமே அவகாசம் கேட்டு, தாங்களே பெருந்தன்மையோடு கொடுத்துக்கொண்டார்கள்.

"சார், திங்கக்கெழம புள்ளய பீதருக்கு மாத்துறாங்களாம்," என்றாள் ஹெலன். "அவ்ளோ தூரம் போயிட்டா நான் எப்படிப் போய்ப் பாக்கறது? இன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்."

"இது ஆலோசனைக் குழும்மா. ஆலோசிக்காம ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டோம்."

ஆலோசித்தார்கள். உறுப்பினர் ஷோபா, குழந்தைக்குத் தனியாக ஸ்டடி டேபிள் உண்டா என்று விசாரித்தார். ஒரே அறை வீடு என்றதும் உச்சுக் கொட்டி எழுதிக்கொண்டார். விடுதியில் நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை மேஜை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்னொரு உறுப்பினர் ஓஸ்வால்ட், பின்லாந்தில் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று ஸ்லைடு காட்டினார். பாதிக்கு மேல் பின்லாந்தில் ஓஸ்வால்ட் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்கள். முப்பத்தொன்றாவது ஸ்லைடில் மணி இரண்டு அடித்தது. தலைவருக்கு நல்ல பசி.

கோவிந்தப்பா மினிட்ஸ் நோட்டோடு எழுந்தார். ஐட்டம் ஏழு, மோனிகா என்ற குழந்தையை இந்தம்மா என்ன செய்யலாம், தலைவர் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் கேட்டார்.

சீனிவாசராகவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முப்பத்திரண்டாவது ஸ்லைடை மறிப்பவர்போலக் கையை உயர்த்தி, "சாக்கு, சாக்கு" என்றார்.

பெங்களூரில் அந்தக் கன்னடம் தெரியாதவர் யார்? போதும், போதும் என்று அர்த்தம். புரொஜக்டர் அணைந்தது. நீட்டிய நோட்டில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு மூவரும் சாப்பிடப் போனார்கள்.

ஹெலன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கோவிந்தப்பா ஒரு நகலைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "விடுதியில இதைக் காட்டும்மா. சாயங்காலத்துக்குள்ள போயிடு."

"எதுக்குண்ணா? அதான் போதும்னுட்டாரே."

"அது உனக்குக் கேட்டது. 'வளர்த்துக்கோ'ன்னு சொல்றதுக்கும் கன்னடத்துல அதே 'சாக்கு'தான்," என்றார் கோவிந்தப்பா. "ரெண்டு தடவ சொன்னாரு. ரெண்டையும் எழுதிட்டேன்."