ஓவனுக்குள் ஒரு டப்பா

"ஓவனைப் போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சு மம்மி. உள்ள வச்சிடலாமா?" என்று நோலன் கேட்டதும், பூரி மாவு பிசைந்துகொண்டிருந்த ஹன்சாவின் கை அப்படியே நின்றது.

"ஐயோ, அணைங்க மாப்பிள்ளை! அது ஓவன் இல்ல, அலமாரி!"

நோலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அவன் அமெரிக்காவிலேயே பிறந்தவன். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்றால் வான்கோழி வேகவைக்க, ஓவனைத் திறந்துகூடப் பார்க்காமல் முதலில் சூடேற்றிவிடுகிற குடும்பம். இது வான்கோழி நுழையாத சைவ வீடு என்பதால் ஒரு பூசணிக்காயைத் தூக்கி வந்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவன் சோற்றைப் பூசணிக்காயில் மறைத்திருந்தான்.

நியூ ஜெர்சிக்கு வந்து இருபத்தெட்டு வருஷத்தில் ஹன்சா அந்த ஓவனில் எதையும் வேகவைத்ததில்லை. வாணலி, தவா, டோக்ளா தட்டு, குக்கர் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தன.

எல்லாவற்றுக்கும் பின்னால், மூலையில், ஓர் எவர்சில்வர் டப்பாவும் இருந்தது.

வாணலி கருகினால் போகட்டும். அந்த டப்பாவில் ஒரு புகைப்படம் இருந்தது. அது ஹஸ்முக்கின் கண்ணில் பட்டால், மகளும் மருமகனும் இந்த வீட்டில் சாப்பிடப்போகும் முதல் விருந்தே கடைசி விருந்தாகிவிடும்.

ஹஸ்முக் அவள் கணவர். அந்தப் பெயருக்குச் சிரித்த முகம் என்று பொருள். வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். மகள் கின்னரி நோலனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது, "இந்த வீட்டு ஆள் ஒருத்தர் காலும் அந்த மண்டபத்துல படக்கூடாது" என்று அம்பா மாதா மேல் ஆணையிட்டவர்.

கல்யாணத்தன்று ஹன்சா, கோயிலில் பஜனை என்று சொல்லிவிட்டுப் பச்சைப் பாந்தினிப் புடவையில் கிளம்பினாள். நல்லவேளையாக அவர் கடையைத் திறக்கக் காலையிலேயே போய்விட்டிருந்தார். மகளை ஆசீர்வதித்து, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து கிச்சடி வைத்துவிட்டாள். முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான்.

கின்னரி தபாலில் அனுப்பிய படத்தை ஒளித்துவைக்க ஓவனைவிடப் பத்திரமான இடம் ஏது? டீ ஆச்சா என்று கேட்பதைத் தவிர ஹஸ்முக்குக்கும் அடுக்களைக்கும் சம்பந்தமே கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து, இந்தத் தீபாவளி முடிந்த வாரம், "தேங்க்ஸ்கிவிங்குக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றார் அவரே. ஹன்சா காரணம் கேட்கவில்லை. தானாக இறங்கி வருகிற மனுஷனை யாராவது நிறுத்திக் கேள்வி கேட்பார்களா?

புகை அலாரம் வீடே அதிர அலறியது.

கின்னரி ஜன்னல்களைத் திறந்தாள். நோலன் கையுறையை மாட்டிக்கொண்டு பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். குக்கரின் கைப்பிடி உருகி வழிந்திருந்தது. தவாவில் கருகிய மாவு ஒட்டியிருந்தது. அது இன்றைய கருகல் அல்ல. வியாழக்கிழமையானால் அப்படித்தான் இருக்கும். தேய்த்துத்தான் வைத்தோமா, கண்தான் மங்கிவிட்டதா என்று ஹன்சா தன்னையே திட்டிக்கொள்வது வழக்கம்.

அப்போது ஹஸ்முக் துண்டோடு உள்ளே வந்தார். அலாரத்துக்கு நேராக நாலு வீசு வீசினார். சத்தம் நின்றது.

நோலன் கடைசியாக அந்த டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தான்.

ஹன்சா மாவுக் கையோடு பாய்ந்தாள். "விடு, கை வெந்துடும்" என்று ஹஸ்முக் அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, துண்டால் பிடித்து மூடியைத் திறந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வீடு தேடி வந்த பெண் இனி வாசல்படி மிதிக்கமாட்டாள். தானும் இனி இந்த மனுஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. அம்பா மாதா, இந்த ஒரு நாள் மட்டும் கடந்துபோகட்டும்.

மூடியை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள்.

டப்பாவில், சூட்டில் ஓரம் சுருண்ட இரண்டு படங்கள் இருந்தன.

அவள் வைத்தது ஒன்றுதான். நவராத்திரி சமயம் கடைசியாக எடுத்துப் பார்த்தபோதும் ஒன்றுதான் இருந்தது.

இரண்டாவது படத்திலும் அதே மண்டபம். பின்வாசல் ஓரம், கடைக்குப் போடும் நீலச் சட்டையில் ஹஸ்முக். மணக்கோலத்தில் கின்னரி அவர் வாயில் ஒரு பேடாவைத் திணிக்கிறாள். மனிதர் அழுதுகொண்டே சிரிக்கிறார். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பச்சைப் புடவையின் முதுகு தெரிகிறது.

ஹன்சா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் தனித்தனியா வந்து சத்தியம் வாங்கிட்டுப் போனா, நான் என்ன மம்மி பண்றது?"

ஹன்சா மாவுக் கையைத் தலைப்பில் துடைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம் இறங்கியதில் மூச்சு விடுவதுகூடப் புதிதாக இருந்தது. நோலன் மட்டும் ஒன்றும் புரியாமல் பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க எப்பங்க இந்த ஓவனைத் திறந்தீங்க?"

ஹஸ்முக் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "புதன்கிழமையானா ரொட்லியைப் போட்டு வச்சிட்டு நீ கோயிலுக்குப் போயிடற. ஆறிப்போனதை எவன் திம்பான்? சூடு பண்ணத் தவா வேண்டாமா எனக்கு?"

ஹன்சாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து அந்தத் தவாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சூடு பண்ணத் தெரிஞ்ச மனுஷனுக்கு அதைத் தேய்ச்சு வைக்கத் தெரியாதா?"