பொய்க்குழல்

சீசன் சாரலில் குற்றாலத்து டீக்கடை மேஜை மினுங்குகிறது. மாலை ரயிலில் போர்முனைக்குத் திரும்பவேண்டிய ஜெபஸ்டின், ஐந்து மங்குஸ்தான் பழங்களில் பீரங்கிக் குழலாக ஈர்க்குச்சி செருகி, கவச வண்டிகளாக மனைவி எப்சிபாவின் முன் நிறுத்துகிறான். ஒன்றைத் தொடுகிறான். “இது என் வண்டி. சுடாது. குண்டு எங்கன விழுதுன்னு பாத்து, பின்னால இருக்க பீரங்கிக்குச் சொல்லும்.” “சுடாத வண்டிக்கு எதுக்குங்க குழல்?” “அது டம்மிடி. இது மட்டும் மொட்டையா நின்னா, எதிரி மொதல்ல இதத்தான அடிப்பான்?” அருவிச் சத்தத்துக்கு மேல் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. அவனை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பழங்களை இடம் மாற்றுகிறாள். “இப்பம் சொல்லுங்க, ஒங்க வண்டி எது?” அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். “தெரியலையே!” காலையிலிருந்து இறுகியிருந்த எப்சிபாவின் முகம் இளகுகிறது. “அப்பம் சரி. போயிட்டு வாங்க.”