பெரிய கிளாக்கரின் பாஸ்வேர்ட்

சரோஜாதேவி முடியாது என்றுவிட்டாள். கஜனியும் முடியாது என்றுவிட்டாள். முருகனோ காலையிலேயே கைவிட்டுவிட்டார். கந்தப்பளைக் குளிரில் அன்று வேர்த்துக் கொட்டிய ஒரே ஆள் புதுக் கிளாக்கர் நிரோஷனாகத்தான் இருப்பான்.

சரோஜாதேவி, பத்து நாளைக்கு முன் ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போய்விட்ட பெரிய கிளாக்கர் பாலச்சந்திரனின் மனைவி. கஜனி அவர்களுடைய மகள். முருகன், ஆபீஸ் சுவரில் படமாக இருப்பவர். மூன்று பெயரையும் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி அடித்துப் பார்த்தாயிற்று. தேயிலைத் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர், பாஸ்வேர்ட் பிழை என்று பாடிய பல்லவியையே பாடிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றெட்டில் கம்பெனி அனுப்பிய கம்ப்யூட்டர் அது. வயது ஒன்பது. உள்ளே இருந்தது விண்டோஸ் என்.டி. நிரோஷன் ஹட்டனில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியதோ எக்ஸ்பியில். விண்டோஸ் 98 என்றாலாவது எஸ்கேப் பொத்தானை அமுக்கிப் பின்கதவால் நுழைந்திருப்பான். இது பின்கதவே இல்லாத வீடு.

"தம்பி, தேத்தண்ணி" என்று கோப்பையோடு வந்தாள் ஆபீஸ் கூட்டும் மீனம்மா. "இன்னும் தொறக்கலையா? பெரிய கிளாக்கர் ஐயா உள்ளுக்குப் போயி கதவச் சாத்துனாருன்னா ஒரு மணித்தியாலத்துல லிஸ்ட்டோடதான் வெளிய வருவாரு. தூசி பட்டா கம்பியூட்டருக்கு ஆகாதுன்னு என்னையக்கூட உள்ள விடமாட்டாரு."

"பாஸ்வேர்ட எங்கயாச்சும் எழுதி வச்சாரா, பாத்தீங்களா அக்கா?"

"எழுத்து தெரிஞ்சா நான் ஏன் தம்பி வெளக்குமாத்தோட நிக்கிறேன்?"

வாசலில் தோட்ட மேனேஜர் துரையின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மீனம்மா இருந்த இடம் தெரியாமல் மறைந்தாள்.

துரை வாசற்படியிலேயே நின்றார். அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். கிட்டப் போனாலே ஷாக் அடிக்கும் என்பது அவர் கட்சி.

"லிஸ்ட் எங்க?"

"ஒரு சின்னப் பிரச்சினைங்க சேர்..."

"என்ன பிரச்சினை? ரெண்டு மணிக்கு கொழும்புலேருந்து கம்பெனி ஆளுங்க வாறாங்க. மேல் டிவிஷன் குடும்பம் அம்பத்தாறும் அந்த லிஸ்ட்டுல இருக்கணும்." துரையின் குரல் ஏறிக்கொண்டே போனது. "போன வருஷம் மண்ணு சரிஞ்சு மூனு நாள் கரண்ட் இல்ல. அப்பவும் பாலச்சந்திரன் டைமுக்கு லிஸ்ட் குடுத்தாரு. அவரு என்ன ஹட்டன்ல கோர்ஸ் படிச்சாரா? ஒனக்குக் கரண்டும் இருக்கு, சேர்ட்டிபிகேட்டும் இருக்கு. லிஸ்ட் மட்டும் இல்ல!"

சொல்வது நியாயமாகத்தான் பட்டது நிரோஷனுக்கு. தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு மணிக்கு லிஸ்ட் என் மேசைக்கு வரல்லன்னா, நாளைக்குக் காலையில பெரட்டுக்களத்துல பேர் குடுக்கிற ஆளுங்களோட போயி நில்லு. தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி தரச் சொல்றேன்."

துரை போய்விட்டார். தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நிரோஷன். பத்து நாளாக அவனுடைய அம்மா கொழுந்து பறித்ததைவிட 'எம்மவன் ஆபீஸ்ல' என்று மலை முழுக்கச் சொன்னதுதான் அதிகம். நாளைக்கு அவள் எந்த முகத்தோடு மலை ஏறுவாள்?

பெரிய கிளாக்கரிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். ஆனால் வேலைக்கு எடுக்கும்போது, "கம்பியூட்டர் எனக்குத் தண்ணி பட்ட பாடு சேர்" என்று துரையிடம் வாய் கிழியப் பேசியவன் அவன். அந்த வாயால் போய், திறக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பத்து நாள் ரோசம் பார்த்தாயிற்று. இனியும் பார்த்தால் கையில் கத்திதான்.

போனை எடுத்துக் கொழும்பு நம்பரை அடித்தான்.

"ஹலோ, பாலச்சந்திரன் கதைக்கிறன்."

"ஐயா, நான் நிரோஷன். ஒங்க எடத்துக்கு வந்திருக்கேனுங்க. ரெண்டு மணிக்கு லிஸ்ட் வேணுமாம். அந்தக் கம்பியூட்டர்..."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "பத்து நாளா உம்மட போனைத்தான் எதிர்பாத்துக்கொண்டிருந்தனான். துரை பக்கத்தில நிக்கிறாரோ?"

"இல்லீங்க."

"கதவைச் சாத்தும்."

ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்தான்.

"இப்ப நேரம் என்ன? பன்னிரண்டோ? அப்ப ரெண்டு மணித்தியாலம் இருக்கு, காணும். அலுமாரிக்கு அடித்தட்டில பழைய செக்ரோல் புத்தகங்கள் கிடக்கு. அதுக்குப் பின்னால ஒரு பெட்டி இருக்கு. பாரம், கவனமாத் தூக்கும்."

நிரோஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாஸ்வேர்டைக்கூடப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிய மனிதரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டான். புத்தகங்களைத் தள்ளிப் பெட்டியை இழுத்தான். இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்து மூடியைத் திறந்தான்.

உள்ளே புது ரிப்பன் போட்ட ஒரு டைப்ரைட்டர். பக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைத் தாள். சத்தம் வெளியே கேட்காமல் அடியில் விரிக்க, நாலாக மடித்த பழைய கம்பளி.

"ஐயா, இதுல பாஸ்வேர்ட் எங்கங்க இருக்கு?"

"அதைத்தானே தம்பி நானும் ஒன்பது வருஷமாத் தேடினனான்!"