அச்சு அசலாக

ஒரு ஸ்டூடியோவில், ஊர்க் கல்யாணப் படங்களையெல்லாம் சேமித்து வைப்பது அசல் என்ற கணினிப் பெட்டி. அதில் இருப்பதை அச்சு அசலாகப் பிரதியெடுப்பது நகல் பெட்டி. அங்கே ஒரு படம் சேர்ந்தால் இதுவும் சேர்க்கும், ஒன்று போனால் இதுவும் நீக்கும். ஒரு புள்ளிகூடப் பிசகியதில்லை என்று அதற்கு ஏகப் பெருமை.

“தம்பி, கொஞ்சம் நிறுத்து. என்னை ரிப்பேர் பார்க்க வந்திருக்காங்க,” என்றது அசல்.

நகலுக்குக் கை பரபரத்தது. ஒரு மணி நேரம் ஒரு யுகமாகப் போனது.

கண்விழித்ததும் அசல், “ம், மறுபடி ஆரம்பி!” என்றது.

நகல் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை. ‘அண்ணன் காரணமில்லாமலா செய்வார்?’ என்று மளமளவென வேலையை முடித்தது.

அப்புறம்தான் அசல் தன்னைத் தடவிப் பார்த்து அலறியது. “ஐயோ, எல்லாத்தையும் துடைச்சிட்டாங்களே! நல்லவேளை, நீ இருக்கே. கொடுடா!”

நகல் நெஞ்சை நிமிர்த்தியது. “இப்பவும் அச்சு அசலா உங்களை மாதிரியேதான் இருக்கேன் அண்ணே!”